துளசித் தொட்டிக்குப் பின்னால் ஒன்பது மாத்திரைகள்

நனைந்த கோணிச்சாக்கைக் காயவைக்காமல் மூலையில் சுருட்டிப் போட்டு மூன்று நாள் கழித்து எடுத்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடையில்தான் எனக்குப் பதினோரு வயதான ஆண்டின் தைப்பூசக் காலம் தொடங்கியது. டிசம்பர் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், "ஈரத்துணிய எவ இங்க அமுக்கி வச்சது?" என்று அம்மா வீடு முழுக்க மோந்து பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் வாசலில் படுத்திருந்த எங்கள் நாயின் முன்னால் நின்றுவிட்டார். துணியும் இல்லை, சாக்கும் இல்லை. வாடை கோப்பியிடமிருந்து வந்தது.

கோப்பி எங்கள் நாயின் பெயர். பால் ஊற்றிவிட்டுக் கலக்காமல் வைத்த கடைக் கோப்பியின் நிறம் அவனுக்கு. மேலே கறுப்பு, வயிற்றுப் பக்கம் வெளுத்த பழுப்பு. தீவு நகரமான ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி, பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இந்த வீட்டில் "நூறு ஆயுசு" சொல்லக்கூடிய பழைய வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அந்த வீடுகளின் முன்னால் கூரைபோட்ட நடைபாதை ஒன்று ஓடும். அதை நாங்கள் "அஞ்சடி" என்போம். அந்த அஞ்சடிக்குக் கோப்பிதான் ராஜா, மந்திரி, காவலாளி எல்லாம். தபால்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு குரைப்பு, பாசாரிலிருந்து மீன் வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு வாலாட்டல் என்று அவன் எல்லாரையும் தரம் பிரித்து வைத்திருந்தான்.

அன்று அவனை மல்லாத்திப் போட்டுப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. வயிறெல்லாம் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள். உடைந்த இடங்களில் பொட்டு அளவில் வட்ட வட்டமாகத் தோல் உரிந்து, மயிர் கொட்டி, ஈரம் கசிந்துகொண்டிருந்தது. "மாரியம்மனுக்கே மஞ்சளும் வேப்பிலையும்தான், நாய்க்கு ஆகாதா?" என்று அம்மா இரண்டையும் அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து அவன்மேல் அப்பினார். இரண்டே நாளில் கோப்பி மஞ்சள் காப்பிட்ட சாமியாகிவிட்டான். அவன் உரசிய சுவர், தூண், என் பள்ளிச் சட்டை எல்லாம் மஞ்சளானது. எண்ணெய்க்கு அடியில் புண் மட்டும் சௌகரியமாக வளர்ந்தது. சந்துப் பிள்ளைகள் "சொறிக்கோப்பி, சொறிக்கோப்பி" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் கல்லெடுத்து எறிந்தேன், ஒன்றுகூடப் படவில்லை.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டும் வேலை. விடியுமுன் மோட்டாரை ஃபெர்ரியில் ஏற்றிக் கடலைத் தாண்டிப் போய், இருட்டும் நேரத்தில் திரும்பி வருவார். நல்லவர், ஆனால் முன்கோபக்காரர். கோபம் வந்தால் அவர் குரல் அந்தக் கரை வரைக்கும் கேட்கும் என்று அம்மா சொல்வார். ஆனால் தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் காவடி எடுப்பவர் அவர். அதற்கு முன் நாற்பத்தெட்டு நாள் விரதம்: மீன் இல்லை, கறி இல்லை, முட்டை இல்லை, பாயில்தான் படுக்கை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோபம் கூடாது. விரதத்தில் இருப்பவர் ஒரு சுடுசொல் சொன்னாலும், காவடிக்காக உடம்பில் முள் குத்தும்போது வலிக்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

இதை நானும் அண்ணனும் எப்படிப் பயன்படுத்தினோம் என்பதைச் சொல்ல இப்போதும் கொஞ்சம் வெட்கம்தான், சிரிப்பும்தான். ஆண்டு முழுக்கச் செய்த தவறுகளையெல்லாம் நாங்கள் விரதத்துக்கென்று எடுத்து வைத்திருப்போம். உடைந்த கடிகாரம், கிழிந்த கணக்குத் தாள், அப்பாவின் மோட்டாரை அண்ணன் திருட்டுத்தனமாக ஓட்டிச் சாக்கடையில் இறக்கியது எல்லாமே அந்த நாற்பத்தெட்டு நாளில் ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்பா கண்ணை மூடிக்கொள்வார், மூக்கு விடைக்கும், "முருகா" என்பார், அவ்வளவுதான். "இதுங்க ரெண்டும் சரியான ஆளுங்கலா, நாள் பாத்துத்தான் வாயத் திறக்குதுங்க" என்று, எங்கள் ஊர்ப் பேச்சில் வாக்கிய முடிவில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு, அம்மாவிடம் புலம்புவார்.

அந்த ஆண்டு விரதம் தொடங்கிய மறுநாள், அப்பா சாமிப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே, கோபமே இல்லாத குரலில் ஒன்று சொன்னார். தைப்பூசத்துக்கு முந்திய நாள் வீட்டுக்குப் பஜனைக்கு ஆட்கள் வருவார்கள். புண்ணும் நாற்றமுமாக நாயை வாசலில் வைத்துக்கொண்டு காவடி கட்ட முடியாது. "தைப்பூசத்துக்குள்ள சரியாகலன்னா கோப்பிய புக்கிட் தெங்காவுல எங்க கம்பெனி செக்யூரிட்டி ரூம்ல விட்டுடுவேன். அங்க காவலுக்கு நாய் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கானுங்க." கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்; கத்தியது மறுநாளே மறந்து போகும். விரதத்தில், சாமி முன்னால், மெதுவாகச் சொன்ன சொல் மாறாது.

அன்று சாயங்காலமே பிலோ அக்காவின் கதவைத் தட்டினேன். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவர். முழுப்பெயர் பிலோமினா, ஒரு பள்ளியில் கிளார்க், வாசல் நிலைக்கு மேல் மாதா படம். அவரிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. "மஞ்சளப் பூசி நாய ரசம் வைக்கவா போறீங்க? ஏறு, ஏறு, கிளினிக்குக்குப் போலாம்லா" என்று பின் இருக்கையில் பழைய செய்தித்தாளை விரித்து எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார்.

கிளினிக் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. டாக்டரம்மா தமிழர்தான், ஈப்போப் பக்கம். கட்டையான உருவம், குட்டை முடி, பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. மஞ்சள் நாயைப் பார்த்து ஒரு முறை பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். தோலைப் பரிசோதித்துவிட்டு, இது சொறிப்பூச்சி இல்லை, பாக்டீரியாக் கிருமி, எல்லா நாயின் தோலிலும் சும்மா குடியிருப்பதுதான், மழை ஈரத்திலும் அரிப்பிலும் தோல் நைந்ததும் உள்ளே புகுந்துவிட்டது என்றார். கிருமியைக் கொல்லும் மாத்திரை, பச்சையும் வெள்ளையுமாக இரண்டு நிறக் கூடு, காலை ஒன்று மாலை ஒன்று, சாப்பாட்டோடு, மூன்று வாரம். வாரம் இரண்டு முறை மருந்து ஷாம்பூ, நுரையைப் பூசிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத்தான் கழுவ வேண்டும். எண்ணெயும் மஞ்சளும் சமையலுக்கு. "பாத்தா ஆறின மாதிரி இருக்கும். நிறுத்தாதே. நீதான பொறுப்பு?" என்று என்னைக் கேட்டார். நான் மார்பை நிமிர்த்தி "நான்தான்" என்றேன்.

வீட்டில் எனக்கு அந்தப் பொறுப்பு ஒரு பட்டாபிஷேகமாக இருந்தது. பத்து நிமிட நுரையை எங்கள் வீட்டு நடுமுற்றத்தில் வைத்துக்கொண்டேன். மேலே வானம், கீழே நுரைக்குள் கோப்பி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்ல வாசலில் அண்ணன். ஏழாவது நிமிடத்தில் கோப்பி தவறாமல் உடம்பை உதறுவான், நுரை சாமி அலமாரிக் கண்ணாடி வரைக்கும் பறக்கும், அம்மா உள்ளேயிருந்து "விரத வீடுடி!" என்று கத்துவார், நாங்கள் மூவரும் (கோப்பியையும் சேர்த்துத்தான்) அந்தக் கத்தலைக் கேட்டு இன்னும் கும்மாளம் போடுவோம். அந்த ஷாம்பூவின் ஆஸ்பத்திரி மணம் எனக்கு ஏதோ திருவிழா மணம்போல் பிடித்துப் போயிற்று.

மாத்திரைதான் சிக்கல். டாக்டரம்மா "ஒரு துண்டு கறிக்குள்ள வச்சுக் குடு" என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டிலோ விரதம். வீடு சைவமானால் நாயும் சைவம் என்பது அம்மாவின் சட்டம். கோப்பியும் நாற்பத்தெட்டு நாளும் தயிர்சோறும் இட்லியும்தான். ஆகவே நான் இட்லியைப் பிட்டு, நடுவில் மாத்திரையைப் புதைத்து, உருட்டிக் கொடுத்தேன். கோப்பி ஒரு மரியாதைக்கார நாய். வாயில் வாங்கிக்கொண்டு, முற்றத்து மூலையில் துளசித் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று தின்றுவிட்டு, நாக்கைச் சுழற்றிக்கொண்டு திரும்பி வருவான். நான் காலண்டரில் ஒரு கோடு போடுவேன். இரவு அப்பா வந்ததும் "குடுத்தியா பாப்பா?" என்பார். "குடுத்துட்டேன்ப்பா." சத்தியமாகக் கொடுத்தேன்தான்.

பத்தாவது நாள் வாடை குறைந்தது. வட்டங்கள் உலர்ந்தன. நான் அஞ்சடியில் குதித்துக் குதித்து ஓடினேன். கிறிஸ்மஸ் நட்சத்திர விளக்கு கட்டிக்கொண்டிருந்த பிலோ அக்காவை ஏணியிலிருந்து இறக்கிக் கூட்டிவந்து கோப்பியின் வயிற்றைக் காட்டினேன். அம்மா சாமிக்குக் கற்பூரம் கொளுத்தினார். அப்பாகூட ஒரு நாள் காலையில் மோட்டாரைக் கிளப்புமுன் குனிந்து அவன் காதைத் தடவிவிட்டுப் போனதை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

அந்தக் கொண்டாட்டம் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. ஜனவரி பிறந்து பள்ளி திறந்த முதல் நாள், புதுக் காலணியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவளை அந்த ஈரச்சாக்கு வாடை மறுபடி வழிமறித்தது. இந்த முறை வயிறு மட்டும் இல்லை. தொடை இடுக்கு, அக்குள், கழுத்துக்கு அடியில் எல்லாம் கொப்புளம். கோப்பி தபால்காரருக்குக் குரைக்கவில்லை. எனக்குப் பள்ளியில் யார் பெயரைக் கூப்பிட்டார்கள், யார் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று ஒன்றுமே மனதில் நிற்கவில்லை.

மதியம் வந்ததும் அவன் தட்டைக் கழுவ முற்றத்துக்குப் போனேன். என் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டு விழுந்து உருண்டு துளசித் தொட்டிக்குப் பின்னால் ஓடிற்று. எடுக்கக் குனிந்தேன். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே, மழை எட்டாத அந்தக் கையகல இடத்தில், பச்சையும் வெள்ளையுமாக மாத்திரைகள் கிடந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். முழுதாக ஒன்பது இருந்தன. அதற்கும் மேல், எச்சிலில் ஊறிக் கரைந்து பச்சைக் கறையாகிப் போனவை எத்தனை என்று தெரியவில்லை. என் மரியாதைக்கார நாய் இட்லியை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையை நாசூக்காகத் துப்பி வைத்திருக்கிறான். ஏதோ சில வேளை தவறி உள்ளே போனதும், ஷாம்பூவும் சேர்ந்துதான் அந்தப் பத்து நாள் அழகு காட்டியிருக்கின்றன.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். கோப்பி வந்து என் கையிலிருந்த ஒன்பதையும் மோந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் எதற்கு மறுபடி எடுத்தாய் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காலண்டரில் என் கோடுகள் வரிசையாக நின்றன. தைப்பூசத்துக்கு இருபத்தெட்டு நாள் இருந்தது.

அன்றிரவு அப்பா குளித்து, விளக்கேற்றி, திருநீறு பூசித் திரும்பும்வரை காத்திருந்து, ஒன்பது மாத்திரையையும் ஒரு சாசரில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். விரதத்துக்கு என்று எடுத்து வைக்காமலே, தானாக விரதத்தில் வந்து விழுந்த தவறு இது ஒன்றுதான். அப்பா சாசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துளசித் தொட்டியைப் பார்த்தார். மூக்கு விடைத்தது. நெற்றியில் திருநீறு சுருங்கியது. "முருகா" என்றார். இன்னொரு முறை "முருகா" என்றார். மூன்றாவது முறை சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாயா அது, நரிலா!" என்று சொல்லிவிட்டுக் கோப்பியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து அவரே எங்களை மோட்டாரில் கூட்டிப்போனார். முன்னால் கூடையில் கோப்பி, பின்னால் நான். பள்ளிவாசல் சாலை வழியாகப் போனால் ஐந்து நிமிடம். தொழுகைக்கு வருகிறவர்கள் நடுவே நாயோடு புகுந்து போவது மரியாதை இல்லை என்று அப்பா கடற்கரையைச் சுற்றிக்கொண்டு போனார். காற்றில் கோப்பியின் காது இரண்டும் பின்னால் பறந்தது. சாகப்போகிறவன்போல் கிடந்தவன் அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயைப் பிளந்து சிரித்தான்.

டாக்டரம்மா நான் நீட்டிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "மருந்து யாருக்கு, நாய்க்கா, துளசிச் செடிக்கா?" என்றார். பிறகு கோப்பியின் கழுத்துப் புண்ணில் ஒரு கண்ணாடித் துண்டை ஒற்றி எடுத்து, ஊதா நிறச் சாயத்தில் நனைத்து, கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, "வா, வந்து பார்" என்று என்னைக் கூப்பிட்டார். நான் முக்காலியில் ஏறிக் கண்ணை வைத்தேன். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு அவர் எதையோ திருகினார், சட்டென்று ஒரு ஊதா உலகம் திறந்தது! புள்ளி புள்ளியாக, கொத்துக் கொத்தாக, திராட்சைக் குலைகளாக. அத்தனையும் ஒரு சொட்டுச் சீழில். "அப்பா! அப்பா!" என்று நான் கத்திய கத்தலில் வெளியே கூண்டிலிருந்த பூனை சீறிற்று.

அப்பாவும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் தலையை எடுக்கவே இல்லை. "இத்தினூண்டு பயலுங்களா இவ்ளோ ஆட்டம் போடுறானுங்க?" என்றார். "விரதம் மட்டும் இல்லாம இருக்கணும்..." என்று பல்லைக் கடித்தார். கிருமிமேல் கோபப்பட்டால் விரதம் முறியுமா என்று நான் கேட்டேன். டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

மருந்து தோற்கவில்லை, மருந்து உள்ளேயே போகவில்லை என்று அவர் விளக்கினார். பாதி மருந்து கொடுப்பது கொடுக்காததைவிட மோசம். சாகிறது சாகும், தப்பித்தது தெம்பாகிப் பெருகும், பிறகு அது இந்த மருந்துக்குப் பயப்படாது. ஆகவே முதலிலிருந்து, நாலு வாரம், காலை மாலை. கொடுத்ததும் வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் பார்க்க வேண்டும். அப்பா மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். "எப்பவாச்சும் ஒரு வேளை தவறிப்போனா பதறாத. அடுத்த வேளைக்கு எப்பவும்போல ஒண்ணு குடு, ரெண்டா சேத்துக் குடுக்காத. தினம் தினம் தவறினாத்தான் ஆபத்து." நான் தலையாட்டினேன். இந்த வார்த்தைகளை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு வாரம் என்றால் இருபத்தெட்டு நாள். நடுவில் மூன்று நாள் போய்விட்டதால், தைப்பூசத்தன்று அவனுக்கு மாத்திரை முடிந்திருக்காது. ஆனால் புண் ஆறினதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அப்பா காலண்டரைச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டினார். தன் விரத நாளுக்குச் சிவப்புக் கோடு, கோப்பியின் மாத்திரைக்கு நீலக் கோடு. இரண்டையும் அவரேதான் போட்டார். விரதக்காரர் வீட்டில் கறி நுழையாது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பிலோ அக்கா வீட்டில் நுழையலாமே. காலையில் பள்ளிக்குப் போகுமுன்னும் மாலையில் விளக்கு வைக்குமுன்னும் கோப்பி அவர் வாசலில் போய் ஆஜராவான். உப்புக்கூடப் போடாமல் அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு, அதற்குள் மாத்திரை. ஒரே விழுங்கு! நான் வாயைப் பிளந்து, நாக்கைத் தூக்கி, இந்த ஓரம் அந்த ஓரம் எல்லாம் பார்த்து, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி "போயிடுச்சு!" என்று கத்துவேன். உள்ளே நீலக் கோடு விழும். "உங்க விரதத்துக்கு நாங்க தொணை" என்று பிலோ அக்கா அம்மாவைக் கேலி செய்வார்.

இரண்டாவது வாரம் கொப்புளம் வற்றியது. மூன்றாவது வாரம் வட்டங்களுக்குள் பூனைமயிர்போல் புதுமயிர் முளைத்தது. நான் தினமும் விரலால் தடவித் தடவி எண்ணினேன். தபால்காரருக்குக் குரைப்பு திரும்ப வந்த நாளில் நானும் சேர்ந்து குரைத்தேன்; அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பிலோ அக்கா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. செபராங் ஜெயாவில் இருந்த தம்பியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். சனி மாலை ஈரலைக் கொடுத்துவிட்டு, இரவே திரும்புவதாகச் சொல்லிப் போனவர் வரவில்லை. நேரம் எட்டு, எட்டரை, ஒன்பது என்று ஓடியது. இட்லியில் வைத்துப் பார்த்தேன், துப்பினான். பழத்தில் வைத்தேன், துப்பினான். வாயைப் பிளந்து தொண்டையில் போட்டேன். எப்படியோ அதையும் துப்பினான். டாக்டரம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது: ஒரு வேளை தவறினால் பதறாதே. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. அப்பாவின் முன்னால் போய் நின்று, "ஒரு வேளை விட்டாலும் எல்லாம் போச்சுப்பா, மறுபடி மொதல்லேருந்து வந்துடும், நீங்க அவன புக்கிட் தெங்காவுக்குக் கொண்டு போயிடுவீங்க" என்று அழுதேன். பாதி பயம், பாதி பிடிவாதம். அப்பா கோப்பிக்காக எதுவரை போவார் என்று பார்க்கும் ஆசையும் அதற்குள் ஒளிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினார். நாற்பத்தைந்து நாள் விரதம் இருந்த உடம்பு, கழுத்தில் உருத்திராட்சம், நெற்றி நிறைய திருநீறு, முகத்தில் தாடி. அந்தக் கோலத்தில் அவர் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் என்னும் கறிச்சோறு விற்கும் ஒரு கடையின் வரிசையில் நின்று, "ஒரு ஈரல், குழம்பு வேணாம்" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க விரதம்தானே?" என்று கேட்டாராம். "எனக்கு இல்ல பாய், வீட்டுல ஒருத்தனுக்கு ஒடம்பு சரியில்ல" என்றாராம் அப்பா.

பொட்டலத்தை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. பின்சந்துக் குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்து, மசாலா, வெங்காயம், எண்ணெய் எல்லாம் போகும்வரை அந்த ஈரலைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு நகத்தால் கீறி, மாத்திரையைத் தன் விரலாலேயே உள்ளே அழுத்தி, கோப்பியிடம் நீட்டினார். ஒரே விழுங்கு. நான் வாயைத் திறக்குமுன் அப்பாவே திறந்து பார்த்தார். "போயிடுச்சு பாப்பா" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே ஆட வேண்டும்போல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் ஆடவில்லை. அவர் தலைக்கு ஊற்றிக்கொண்டு போய்ச் சாமி முன்னால் அமர்ந்தார். மதியம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் நகருக்குள் புறப்பட்டது. தெருவெங்கும் தேங்காய் உடைத்தார்கள். சிரட்டையும் சில்லும் காலடி முழுக்க, தேங்காய்த்தண்ணீர் சாக்கடையில் ஓடியது, மேளமும் உறுமியும் நெஞ்சுக்குள் அடித்தன. அன்று மாலை பஜனைக்கு வந்தவர்கள் அஞ்சடியில் செருப்பைக் கழற்றும்போது கோப்பி ஒவ்வொருவரையும் வாலாட்டி வரவேற்றான். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. ஒரு மாமா குனிந்து அவன் வயிற்றைத் தடவிக்கூடக் கொடுத்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் காவடியில் மயிலிறகு கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "தேங்காச் சில்லு அதிகம் குடுக்காத, வயிறு கெட்டுடும்" என்றார். புக்கிட் தெங்காவைப் பற்றி அதன் பிறகு வீட்டில் பேச்சே எழவில்லை.

மறுநாள் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குக் காவடியோடு ஏறிய அப்பா, அந்த ஆண்டு மட்டும் முடியிறக்கியும் கொண்டார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "தோணுச்சு" என்றார். எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஈரலைத் தொட்ட பாவத்துக்குத்தான். அந்தப் பாவத்தைச் செய்யவைத்தவள் நான்தான். அடுத்த விரதத்தில் சொல்லிவிட வேண்டும் என்று எடுத்து வைத்தேன். சொல்லவில்லை. அதற்கடுத்த விரதத்திலும் சொல்லவில்லை.

எத்தனையோ தைப்பூசங்கள் போய்விட்டன. கோப்பி இன்னும் ஒன்பது ஆண்டு அஞ்சடியை ஆண்டுவிட்டு, ஒரு மழைநாளில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். கிளினிக் இருந்த கடைவீட்டில் இப்போது குளிர்காப்பி விற்கிறார்கள். மைக்ராஸ்கோப் இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வரிசை வீடுகள் தங்கும் விடுதியாகிவிட்டன. அம்மா இல்லை. பிலோ அக்கா ஈப்போவில் மகனோடு இருக்கிறார். அப்பா என்னோடு செபராங் ஜெயாவில் இருக்கிறார். முழங்கால் தேய்ந்த பிறகு காவடி இல்லை, விரதமும் மருந்து மாத்திரையோடு அரைகுறைதான். ஆனால் எதுதான் உண்மையில் காணாமல் போனது என்று கேட்டால், அப்பாவின் கோபத்தைத்தான் சொல்வேன். இப்போது அவருக்கு ஆண்டு முழுவதும் விரதம்போல் இருக்கிறது. நாள் பார்த்து வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

போன வாரம் அவர் கால்விரல் புண்ணுக்கு மருத்துவமனையில் கிருமி மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள், காலை மாலை. காலண்டரைக் கேட்டு வாங்கி, நீலப் பேனாவால் வேளைக்கு ஒரு கோடு போட்டுவந்தார். ஒரு மாலை அவர் பேனாவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்க, அந்த நீலக் கோடுகளைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: டாக்டரம்மா ஒரு வேளை தவறினால் ஒன்றும் ஆகாது என்று சொன்னது, நான் மறைத்தது, அழுதது, அவரை விரதத்தில் ஈரலைத் தொடவைத்தது.

அப்பா பேனாவை மூடினார். "தெரியுமே" என்றார்.

"என்ன தெரியும்?"

"நான் மைக்ராஸ்கோப்புல கண்ணத்தான் வச்சிருந்தேன் பாப்பா, காத இல்ல. அந்தம்மா சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

"அப்புறம் ஏம்ப்பா வாங்கப் போனீங்க?"

அவர் காலண்டரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "சாமி முன்னாடி சொல்லிட்டேன்ல, சரியாகலன்னா கொண்டு போய் விட்டுடுவேன்னு. விரதத்துல சொன்னத மாத்த முடியாது. அதான், நாயச் சரியாக்கிடலாம்னு." பிறகு, "ஒரு வேளையிலயும் துணிஞ்சு பாக்க எனக்கு மனசு வரல. நீ வேற அழுதுட்டு நிக்கிற" என்றார்.

மாத்திரையைப் பிரித்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு அவரிடம் நீட்டினேன். வாங்கி வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, என்னைப் பார்த்தார். நான் கேட்காமலே வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி, இந்த ஓரமும் அந்த ஓரமும் காட்டினார். "போயிடுச்சுப்பா" என்றேன். அவர் பேனாவைத் திறந்து அந்த வேளைக்கான கோட்டைப் போட்டார்.